பத்தாவது ஆள்

நஸீராவின் இடது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். நடுவில் இருந்த மூன்றும் ஐந்து வருடத்துக்கு முன்னால் விக்ரோலியில், டப்பா மூடி வெட்டுகிற பிரஸ் மெஷினில் போயின. கம்பெனியில் இ.எஸ்.ஐ. இருந்ததால் ஆஸ்பத்திரிச் செலவு ஒரு பைசா ஆகவில்லை. காயம் ஆறும்வரை ஏழு மாதம் வீட்டிலிருந்தபடியே லீவுச் சம்பளம் வந்தது. பிறகு டாக்டர்கள் போர்டு உட்கார்ந்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அவளுடைய சம்பாதிக்கும் சக்தியில் முப்பது சதவீதம் போய்விட்டதென்று எழுதியது. அன்றிலிருந்து மாதம் நாலாயிரத்துச் சொச்சம் பேங்கில் விழுகிறது. ஆயுசுக்கும் வரும் என்று சொன்னார்கள்.

கம்பெனி அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை. தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தாள். வெங்காயம் உரிக்கவும் துணி பிழியவும் மறுபடி பழகிக்கொண்டாள். அவள் புருஷன் கரீம் பாட்சா டெம்போ ஓட்டினார். மகள் பரீஹா காலேஜில் சேர்ந்த வருடம், ரஹ்மத்துல்லா வீட்டுக்கு வந்தார்.

ரஹ்மத்துல்லாவுக்கும் இவர்களுக்கும் ஊர் ஒன்று. நஸீரா அவரை அண்ணன் முறையில் 'காக்கா' என்பாள். தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில், இரும்பு ஏணி ஏறிப் போகும் மாடியில், ஸ்கூல் பை தைக்கிற கார்கானா வைத்திருந்தார்.

"நஸீரா, ஒனக்கு ஒரு கை நல்லாத்தான இருக்கு? கண்ணு நல்லாத்தான இருக்கு? தையல் சரியா, ஜிப் ஓடுதான்னு பாத்து அட்டப்பெட்டியில போடணும். அதுக்கு நம்பிக்கையான ஆளு வேணும். வா."

ஒரு கை சரியில்லாதவளை ஒருவர் வீடு தேடி வந்து வேலைக்குக் கூப்பிடுகிறார். போகிறேன் என்று உடனே சொல்லிவிட்டாள். அவர் போனபிறகு கரீம் பாட்சா கதவைச் சாத்தினார்.

"ஏளா, வேலைக்குப் போனா அந்தப் பணம் நின்னுரும்லா?"

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அதே சந்தில் ஒருவர் பாண்டுப்பில் வேலை பார்த்தபோது கால் ஒடிந்து, இ.எஸ்.ஐ. லீவுச் சம்பளம் வாங்கிக்கொண்டே மச்சான் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தார். யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அந்த நோட்டீஸைச் சந்தில் எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்த்திருந்தார்கள்.

"ரெண்டுல ஒண்ணு போயிரும். போறதோட இல்லாம திருப்பிக் கட்டவும் வேண்டியிருக்கும். போறதுன்னா போ. ஒம் பேரு எந்தத் தாள்லயும் வரக்கூடாது. சம்பளத்தக் கையில வாங்கிக்கோ" என்றார் கரீம் பாட்சா.

மறுநாள் அவள் ஏணி ஏறிப் போனபோது ரஹ்மத்துல்லா சந்தோஷமாக இருந்தார். ஆர்டர் கூடிக்கொண்டிருந்தது.

"ஒன்னையும் சேத்தா பத்துப் பேரு. மெஷின் ஓடுற எடத்துல பத்து ஆயிட்டா இ.எஸ்.ஐ. போட்டே ஆகணும்னு ஆடிட்டர் சொல்லுதாரு. போட்டுருவோமான்னு பாக்கேன். ஒன் ஆதாரக் கொண்டு வா."

நஸீரா மேசைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"காக்கா, எம் பேர எழுதாதிய. எனக்கு அங்கேருந்து மாசா மாசம் பணம் வருது. எழுதினா நின்னுரும்."

ரஹ்மத்துல்லா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ இல்லன்னா ஒம்பதுதான். ஒம்பதுன்னா யாருக்கும் போட வேண்டியதில்ல."

"சரி காக்கா" என்றாள் நஸீரா.

தான் எதற்குச் சரி சொன்னோம் என்று அவளுக்கு அப்போதே தெரியும். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்க்க முயன்றாள், முடியவில்லை. தையல் மெஷின்களில் குனிந்திருந்த ஆட்களை அவள் அந்த நிமிடத்தில் திரும்பிப் பார்த்தாள். அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

இரண்டு வருடம் வேலை பார்த்தாள். பைகளின் ஓரத்தை வலது கையால் தடவிக்கொண்டே வருவாள். நூல் பிசிறினால் விரல் சொல்லிவிடும். சாயங்காலம் கட்டிய பெட்டிகளை போனில் படம் எடுத்து, "இன்னைக்கு முப்பத்தாறு டஜன் காக்கா, நாலு பை திருப்பிக் குடுத்திருக்கேன்" என்று பேசி வாட்ஸ்அப்பில் ரஹ்மத்துல்லாவுக்கு அனுப்புவாள். வேலை பிடித்திருந்தது. பிடித்திருந்ததே குற்றமாகப் பட்டது. மாதப் பிறப்பில் பேங்கிலிருந்து மெசேஜ் வரும்போது திருடிய பொருள் மடியில் விழுந்ததுபோல இருக்கும். அந்த வாரம் பள்ளிவாசல் வாசலில் நிற்கிறவர்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பாள். ஜனவரியில் உயிரோடு இருப்பதற்கான படிவம் கொடுக்க செம்பூரில் உள்ள இ.எஸ்.ஐ. கிளை ஆபீசுக்குப் போக வேண்டும். போகுமுன் விரலில் ஒட்டிய பசையையும் சாயத்தையும் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துக் கழுவுவாள். கவுண்டரில் இருந்த அம்மாள் கையெழுத்தைப் பார்க்கிற சாக்கில் தன் நகத்தைப் பார்க்கிறாளோ என்று ஒடுங்கி நிற்பாள்.

அரசாங்கத்தை ஏமாற்றுகிறோம் என்பதுதான் அந்த இரண்டு வருடமும் அவளை அரித்தது. கூட வேலை பார்க்கிற ஒன்பது பேரைப் பற்றி அவள் அவ்வளவாக நினைக்கவில்லை.

அவர்களில் ஒருத்தி ஷைஸ்தா. முப்பத்து மூன்று வயது. புருஷன் விட்டுவிட்டுப் போய் ஐந்து வருடம். இரண்டு பெண் குழந்தைகள். பை வாரில் ரிவெட் அடிக்கிற மெஷின் அவளுடையது. நஸீராவுக்குப் பக்கத்து இடம். மத்தியானம் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். நஸீராவால் திறக்க முடியாத டிபன் டப்பாவை ஷைஸ்தா கேட்காமலே எடுத்துத் திறந்து வைப்பாள். அக்கா முறையில் அவளை 'லாத்தா' என்பாள்.

போன மழைக்காலத்தில் ஷைஸ்தாவுக்கு டெங்கு வந்து பதினொரு நாள் தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்தபோது காதில் கம்மல் இல்லை.

"லாத்தா, விக்ரோலியில உங்களுக்குக் கார்டு இருந்துதுல்லா? மருந்து, மாத்திரை, லீவுச் சம்பளம் எல்லாம் அதுலதான வந்துச்சு? நமக்கு இங்க அது கெடைக்காதா? நீங்க காக்காகிட்ட கேட்டா செய்வாங்க."

நஸீரா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"சின்ன கார்கானாவுக்கெல்லாம் அது கெடையாதும்மா" என்றாள்.

"அப்படியா? சரி, நம்ம நசீபு அவ்வளவுதான்" என்று ஷைஸ்தா தன் மீன் துண்டில் பாதியை எடுத்து நஸீராவின் டப்பாவில் வைத்தாள். நஸீரா அதைச் சாப்பிட்டாள்.

மே மாதக் கடைசியில், ஸ்கூல் திறக்கப் போகிற அவசரத்தில், கார்கானாவில் மூச்சுவிட நேரமில்லை. ரிவெட் மெஷின் காலையிலிருந்து இடையிடையே நின்று நின்று, தானாகவே ஒரு அடி அடித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தான். பதினொன்றரை மணிக்கு ஷைஸ்தா வாரை உள்ளே தள்ளி நேராக்கினாள். மிதி மேல் கால் வைக்கவேயில்லை. மெஷின் இறங்கியது.

சத்தம் வந்ததும் ஆட்கள் எல்லாம் எழுந்து அப்படியே நின்றுவிட்டார்கள். நஸீரா மட்டும் ஓடினாள். என்ன செய்ய வேண்டுமென்று அங்கே அவளுக்கு மட்டும்தான் தெரியும். மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லிக் கத்தினாள். தன் துப்பட்டாவைச் சுற்றி ஷைஸ்தாவின் வலது கையை இறுக்கி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "பாக்காத, பாக்காத, என் மூஞ்சியப் பாரு" என்றாள். ஏணியில் ஷைஸ்தாவை இறக்கும்போது ரஹ்மத்துல்லா கீழே நின்று தோள் கொடுத்தார். அவர் சட்டையெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரி வராந்தாவில் குழந்தைபோல அழுதார்.

ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் காப்பாற்ற முடியவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவையெல்லாம் ரஹ்மத்துல்லாவே பார்த்துக்கொண்டார். ஒரு மாதச் சம்பளமும் அரிசி மூட்டையும் வீட்டுக்கு அனுப்பினார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. தாராவியில் அதுவே பெரிய காரியம்.

ஆறாவது வாரம் நஸீரா அவளைப் பார்க்கப் போனாள். கட்டு பிரித்திருந்தார்கள். பெரிய மகள் அம்மாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஷைஸ்தா சிரிக்கப் பார்த்தாள்.

"வாங்க லாத்தா. இப்ப நாம ரெண்டு பேரும் ஜோடி. உங்களுக்கு எடது, எனக்கு வலது."

நஸீரா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தழும்பில் எண்ணெய் தேய்க்கிற விதத்தைக் காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து ஷைஸ்தா மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"லாத்தா, உங்களுக்கு மாசா மாசம் வருதே, அது எப்படிக் கெடச்சுது? யாருக்கு எழுதுனிய? நானும் எழுதிக் கேக்கேன். எனக்கு வலது கையில்லா போயிருக்கு. பாத்தா அவங்களுக்கு எரக்கம் வராதா?"

நஸீரா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எரக்கத்துக்குக் கொடுக்கிற பணம் இல்லை அது, பேர் எழுதியிருந்தால் உரிமையாக வருவது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஏன் எழுதவில்லை என்று அடுத்து ஷைஸ்தா கேட்பாள்.

"கேட்டுச் சொல்லுதேன்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் கரீம் பாட்சாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"மெஷின் அடிச்சதுக்கு நீ என்ன செய்வ? ஒன்னால அடிக்கலியே."

"என்னாலதான் அவளுக்கு ஒண்ணுமில்லாமப் போச்சு. நான் பேரு எழுதச் சொல்லியிருந்தா இன்னைக்கு அவ லீவுச் சம்பளம் வாங்கிட்டு இருப்பா."

"இப்ப போய்ச் சொன்னா அவ வெரலு வந்துருமா? ரெண்டு வருஷப் பணத்த எங்கேருந்து எடுத்துக் கட்டுவ? பரீஹா பீஸுக்கு என்ன செய்ய? வம்ப நீயே வீட்டுக்குள்ள கூட்டிட்டு வராத."

அவர் சொன்னது தப்பில்லை. அதனாலேயே ஒன்பது நாள் அவள் பேசாமல் இருந்தாள். அந்த ஒன்பது நாளும் கார்கானாவில் ரிவெட் மெஷின் மேல் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். மத்தியானம் டிபன் டப்பாவை முழங்காலில் இடுக்கிக்கொண்டு தானே திறந்தாள். இரண்டு நாள் திறக்க முடியாமல் சாப்பிடாமலே எடுத்துக்கொண்டு வந்தாள்.

பத்தாம் நாள் லீவு சொல்லிவிட்டு, யாரிடமும் எங்கே என்று சொல்லாமல் சயானில் பஸ் ஏறி செம்பூருக்குப் போனாள்.

கவுண்டரில் அதே அம்மாள். மேசைமேல் ஸ்ரீலேகா என்று பெயர்ப்பலகை. நஸீரா இத்தனை வருடம் ஹிந்தியில்தான் அவளிடம் பேசியிருந்தாள். அன்று தமிழில் ஆரம்பித்ததும் ஸ்ரீலேகா நிமிர்ந்தாள்.

"நீங்க தமிழா? சொல்லவே இல்லையே. உக்காருங்கோ. என்ன ஆச்சு?"

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேம்மா. அதச் சொல்ல வந்தேன்."

உட்காராமலே சொன்னாள். இரண்டு வருடமாக வேலை பார்ப்பது, பெயர் எழுத வேண்டாமென்றது, கையில் சம்பளம் வாங்கியது எல்லாவற்றையும். வாங்கிய பென்ஷனைத் தவணையில் கட்டுவதாகவும், போலீஸ் மட்டும் வேண்டாமென்றும் சொன்னாள்.

ஸ்ரீலேகா பேனாவை மூடி வைத்தாள்.

"உங்களுக்கு யார் சொன்னா, வேலைக்குப் போனா இது நிக்கும்னு?"

"எங்க சந்துல ஒருத்தருக்கு நோட்டீஸ் வந்துச்சு."

"அவர் வாங்கினது லீவுச் சம்பளமா இருக்கும். காயம் ஆறற வரைக்கும் கொடுக்கறது. அதை வாங்கிண்டு வேலை பண்ணப்படாது. உங்களோடது வேற. விரல் போனதுக்காகக் கொடுக்கறது. விரல் திரும்பி வரப் போறதில்லையே? நீங்க வேலைக்குப் போலாம், சம்பாதிக்கலாம். இது பாட்டுக்கு இது வந்துண்டுதான் இருக்கும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

நஸீராவுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டாள். ஸ்ரீலேகா மறுபடி அதையே பொறுமையாகச் சொன்னாள்.

"அப்ப நான் எம் பேர எழுதியிருக்கலாமா?"

"தாராளமா."

"எழுதியிருந்தாலும் பணம் வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

நஸீரா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்ரீலேகா அவள் ஆறுதலடைந்துவிட்டாள் என்று நினைத்து, தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். "நிம்மதியா ஆத்துக்குப் போங்கோ. ஒரு தடவை வந்து கேட்டிருக்கலாம் நீங்க."

ஒரு தடவை வந்து கேட்டிருக்கலாம். ஜனவரி ஜனவரியாக இதே கவுண்டரில், இதே கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்றிருக்கிறாள். நகத்தை ஒளித்துக்கொண்டு நின்றதற்குப் பதில் வாயைத் திறந்திருக்கலாம். தன் பணம் போய்விடுமென்று பயந்து மற்றவர்களை விட்டுக்கொடுத்தாள் என்றாலாவது ஒரு காரணம் இருந்தது. இப்போது அந்தக் காரணமும் இல்லை. ஒன்றுமில்லாததற்காக விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷைஸ்தாவைப் பற்றிச் சொன்னாள்.

ஸ்ரீலேகாவின் முகம் மாறியது. "அங்கே எத்தனை பேர்? நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"என்னையும் சேத்துப் பத்து. ரெண்டு வருஷமா பத்து."

"அப்போ அந்த எடம் சட்டப்படி இதுல சேர்ந்ததுதான். ஓனர் பதிவு பண்ணலைன்னா அது ஓனர் பண்ணின தப்பு. அந்தப் பொண்ணுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துட்டு, அவர்கிட்ட வசூல் பண்ண வழியிருக்கு. ஆனா பத்துப் பேர் இருந்தாங்கறது நிரூபணம் ஆகணும். அவர் புஸ்தகத்துல ஒம்பதுன்னுதானே இருக்கும்? பத்தாவது ஆள் நான்னு நீங்க எழுதிக் கொடுக்கணும். ஆபீசர் வந்து விசாரிப்பார். நீங்க அங்கே வேலை பார்த்ததுக்கு ஏதாவது இருக்கா? சம்பளம் பேங்க்ல வந்ததா?"

"கையிலதான் வாங்கினேன்" என்றாள் நஸீரா. பிறகு போனை எடுத்தாள். இரண்டு வருடத்துச் சாயங்காலங்கள் அதில் இருந்தன. பெட்டிகளின் படம், தேதி, அவள் குரல், கீழே ரஹ்மத்துல்லாவின் பதில்: 'சரி நஸீரா.'

அன்று சாயங்காலம் கரீம் பாட்சாவிடம் சொன்னபோது, அவர் பென்ஷன் நிற்காது என்பதை மட்டும்தான் முதலில் காதில் வாங்கினார். வாய்விட்டுச் சிரித்தார். "யா அல்லா! அப்ப ரெண்டு வருஷமா சும்மாவா பயந்து செத்தோம்?" என்று தொடையில் தட்டினார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். ராத்திரி விளக்கை அணைக்கும்போது, "எழுதாதன்னு சொன்னவன் நான்தான்" என்றார். அவள் இல்லையென்று சொல்லவில்லை.

எழுதிக் கொடுக்குமுன் ரஹ்மத்துல்லாவிடம் சொல்லிவிட வேண்டுமென்று நினைத்தாள். வேறு யார் மூலமாகவும் அது அவர் காதுக்குப் போகக் கூடாது. மறுநாள் மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்து அவர் மேசைக்கு வந்ததும் போய் நின்றாள். முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"நீ கேட்டதுக்குத்தான நஸீரா நான் எழுதல?"

"ஆமா காக்கா. நான்தான் கேட்டேன்."

"ஒங்கையப் பாத்து, பாவம்னு கூப்பிட்டு வேலை குடுத்தேன். ரெண்டு வருஷ பாக்கிய அபராதத்தோட போடுவான். நான் தாங்குவேனா? இந்த எட்டுப் பேரும் எங்க போவாங்க?"

"தெரியும் காக்கா. எனக்கு நீங்க செஞ்சத நான் மறக்கல. தப்பு எந்தலையில. ஆனா ஒம்பதுன்னு வச்சுக்கிடறது உங்களுக்கும் வசதியாத்தான் இருந்துச்சு."

ரஹ்மத்துல்லா கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு வேறு குரலில் பேசினார்.

"ஷைஸ்தாவ நான் விட்டுர மாட்டேன். கை ஆறினதும் ஒன்ன மாதிரியே செக்கிங்ல போடுதேன். போதும்லா? அவளுக்கு வேலை, எனக்கு கார்கானா. ஆபீசரு எதுக்கு?"

கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம் நஸீராவின் மனம் அந்தப் பக்கம் சாயத்தான் செய்தது.

"எனக்கு வேலையும் இருந்துச்சு, மாசா மாசம் பணமும் வந்துச்சு காக்கா. அவளுக்கு நீங்க ஒண்ணுதான் தாரிய. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அதுவுமில்ல. அந்தப் பணம் அவ ஆயுசுக்கும் வரும்."

"அப்ப எழுது" என்றார் ரஹ்மத்துல்லா. "யாரு கேட்டாலும் நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா நாளையிலருந்து நீ இங்க வராத."

அவள் தன் டிபன் பையை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கினாள். அங்கிருந்து நேராக ஷைஸ்தா வீடு. இதுதான் மற்ற இரண்டையும் விடக் கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றினாள்.

ஷைஸ்தா இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். சின்ன மகளின் சிலேட்டு. நஸீரா எதையும் சுற்றி வளைக்கவில்லை. பத்துப் பேர் இருந்தால் கார்டு உண்டு, பத்தாவது ஆள் நான்தான், நான்தான் பெயர் எழுத வேண்டாமென்றேன் என்றாள். இப்போது எழுதிக் கொடுக்கப் போவதையும் சொன்னாள்.

ஷைஸ்தா சிலேட்டைக் கீழே வைத்தாள்.

"டெங்குல கெடந்துட்டு வந்து உங்ககிட்ட கேட்டேன்லா லாத்தா. அப்பமே இது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சின்ன கார்கானாவுக்குக் கெடையாதுன்னு சொன்னிய."

"ஆமா."

"நான் கம்மல வித்துட்டு வந்து ஒக்காந்திருந்தேன்."

நஸீரா தலையைக் குனிந்துகொண்டாள். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் அதற்குப் பதில் சொல்லும் பாரத்தையும் ஷைஸ்தாமேல் ஏற்றியதாகிவிடும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

"எழுதிக் குடுங்க" என்றாள் ஷைஸ்தா. "எங்க கையெழுத்து வேணும்னாலும் சொல்லி அனுப்புங்க, போடுதேன். எம் புள்ளைகளுக்காகப் போடுதேன். ஆனா கொஞ்ச நாளைக்கு நீங்க இங்க வராதிய."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பரீஹா தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள். நஸீரா தமிழில் சொல்லச் சொல்ல, அவள் ஹிந்தியில் எழுதினாள்.

"'பணம் நின்னுருமோன்னு பயந்து எம் பேர மறைச்சேன்'னு எழுது."

"மறைச்சேன்னா... ஹிந்தியில 'சுபாயா'தானே உம்மா?"

"ஆமா."

பரீஹாவின் பேனா நின்றது. "அப்டியே எழுதணுமா? 'விவரம் தெரியாம'ன்னு போடலாமே."

"விவரம் தெரியாமதான் பயந்தேன். ஆனா தெரிஞ்சுதான் மறைச்சேன். ரெண்டையும் எழுது."

அடுத்து நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. ஆபீசர் இரண்டு தடவை கார்கானாவுக்கு வந்தார். மற்றவர்களில் பாதிப்பேர் நஸீராவைத் தெரியாது என்றார்கள். ரஹ்மத்துல்லா அவர்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, "இருந்தா. பத்தாவது ஆளு அவதான்" என்று சொன்னதாக நஸீராவுக்குப் பிறகு தெரிய வந்தது. அவர் இரண்டு தையல் மெஷின்களை விற்றுப் பாக்கியைக் கட்டினார். கார்கானா மூடவில்லை. எல்லார் பெயரும் பதிவானது. ஆனால் சந்தில் அவர் வீட்டுப் பெண்கள் நஸீராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஷைஸ்தாவுக்கு லீவுச் சம்பளம் மொத்தமாக வந்தது. அதையும் வேறொருத்தி சொல்லித்தான் நஸீரா கேள்விப்பட்டாள்.

நஸீராவுக்கு நாலு மாதம் கழித்து பாண்டுப்பில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் நாளே ஆதார் அட்டையையும் பழைய இ.எஸ்.ஐ. நம்பரையும் மேசைமேல் வைத்தாள். வேலை கார்கானா வேலையைவிடக் கஷ்டம், ரயில் நெரிசல் வேறு. அவள் அதைப்பற்றி யாரிடமும் குறைசொல்லவில்லை.

டிசம்பரில் ஒரு நாள் ஷைஸ்தாவிடமிருந்து போன் வந்தது. சலாம் சொன்னாள். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"போர்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. என்ன தாளெல்லாம் கொண்டு போகணும்?"

நஸீரா ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதிர்ப்பக்கம் பென்சில் சத்தம் கேட்டது. எழுதி முடிந்தும் ஷைஸ்தா போனை வைக்கவில்லை.

"அங்க தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு" என்றாள்.

"நான் வாரேன்."

போர்டு அறைக்கு வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் கூப்பிட்டதும் ஷைஸ்தா எழுந்து, கதவுவரை போய்த் திரும்பி வந்தாள்.

"வலிக்குதான்னு கேப்பாங்களா?"

"கேப்பாங்க. வலிச்சா வலிக்குன்னு சொல்லு. சமாளிச்சுக்கிடுவேன்னு சொல்லாத. நாம அப்படித்தான் சொல்லிருவோம்."

இருபது சதவீதம் என்று பின்னால் எழுதி வந்தது. ஆனால் அன்றைக்கு அது தெரியாது. வெளியே வந்த ஷைஸ்தாவின் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த வாரம் ரஹ்மத்துல்லா கார்கானாவில் செக்கிங் வேலையில் சேரப் போவதாகச் சொன்னாள். "பேரு எழுதியாச்சு" என்றாள். அவள் வேண்டுமென்றே சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று நஸீராவுக்குத் தெரியவில்லை. எப்படியிருந்தாலும் வலித்தது.

பஸ்ஸில் ஷைஸ்தா முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. நஸீரா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் கிளம்பி ஒரு ஸ்டாப் கடந்தது. நின்றுகொண்டிருந்த ஒரு கிழவர் அந்த இடத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உக்காருங்க லாத்தா" என்றாள் ஷைஸ்தா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "எல்லாரும் பாக்காங்க."

நஸீரா உட்கார்ந்தாள்.